இரவுத் தூக்கத்தைக் காலையிலிருந்து சீராக்கும் வழி

தூக்கம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அதைவிடப் பயன் தரும் கேள்வி, "எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?" என்பது. எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் படுக்கலாம்; படுத்த பிறகு தூக்கம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. எழும் நேரமோ பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நள்ளிரவு 2 மணிக்கு விழித்து, விடியும்வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் கழித்த இரவுகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

அந்த நாட்களில் உடல் அசதியைவிட என்னை அதிகம் வருத்தியது மனத்தின் நிலை. மகள் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டால் எரிச்சல் வரும். நேற்று ஒப்புக்கொண்ட வேலை இன்று நினைவில் இருக்காது. யாரோ சாதாரணமாகச் சொன்ன சொல் நாள் முழுவதும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும். இதையெல்லாம் என் குணக்கேடு என்றே நான் நம்பியிருந்தேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் வேறு விதமாக எண்ணத் தொடங்கினேன். சுமார் 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கும் நன்றாகத் தூங்கியவர்களுக்கும் மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி, அப்போது அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு அது. அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற சிறு பகுதி, தூங்காதவர்களிடம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகத் துடித்தெழுந்தது. அதைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளையுடன் அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. தூக்கம் கெட்டவர் சிடுசிடுப்பது உடலுக்குள் நிகழும் ஒரு மாற்றத்தின் வெளிப்பாடு என்பதை வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருந்தால், பல சண்டைகள் பாதியிலேயே நின்றுவிடும்.

நினைவாற்றலின் கதை இன்னும் பழையது. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில மணி நேரம் கழித்து எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று சோதித்தார்கள். இடைப்பட்ட நேரத்தை விழித்துக் கழித்தபோது மறந்ததைவிட, தூங்கிக் கழித்தபோது மறந்தது குறைவாக இருந்தது. அன்று படித்ததைத் தூக்கத்தில் மூளை மீண்டும் புரட்டிப் பார்த்து, நிலையான நினைவாகப் பதிக்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் ஆழ்ந்த தூக்கமும், கடைசி மூன்றில் ஒரு பங்கில் கனவுத் தூக்கமும் மிகுந்திருக்கும். ஆகவே 11 மணிக்குப் படுத்து, தேர்வுக்குப் படிக்க 3 மணிக்கே எழும் மாணவர், இழக்கும் நேரத்தின் அளவைக் காட்டிலும் மிகப் பெரிய பங்கு கனவுத் தூக்கத்தை இழக்கிறார். பொதுத்தேர்வுக்கு முந்திய இரவு பிள்ளையின் அருகில் பிளாஸ்கில் காபி வைத்துவிட்டுப் போகும் பெற்றோர்கள், அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள்; ஆனால் அந்த இரவில் பிள்ளைக்கு ஒரு பாடத்தைக் கூடுதலாகப் புரட்டுவதைவிட, விளக்கை அணைத்துப் படுப்பதே உதவும்.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்பவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொடர்ந்து 14 இரவுகள் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடப்படாதவர்களின் கவனம், இரவு முழுவதும் கண்ணே மூடாமல் இருப்பவர்களின் அளவுக்கு மோசமாகிவிட்டது. அவர்களோ தங்களுக்குச் சற்றுத்தான் தூக்கக் கலக்கம் என்றும், பழகிவிட்டது என்றும் கருதினார்கள். இதுதான் தூக்கக் குறைவின் மிகப் பெரிய ஆபத்து: எது குறைந்திருக்கிறதோ, அதை அளந்து பார்க்கும் திறனும் அதோடு சேர்ந்தே குறைந்துவிடுகிறது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடையதற்கு ஒப்பாகவோ அதைவிடக் கீழாகவோ இருக்கும் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் வாகன ஓட்டிகளுக்கு விதித்திருக்கும் உச்ச அளவே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. காலை 5 மணிக்கு எழுந்து, நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவு 10 மணிக்குச் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரை எடுப்பவர், ஒரு சொட்டு மதுவும் அருந்தாமலே அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் சாலையில் இறங்குகிறார்.

தேவை எவ்வளவு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.

தூக்கம் எப்படி வருகிறது?

வழிமுறைக்குள் போகும் முன் இதை அறிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாமல் பின்பற்றும் விதி இரண்டாம் நாளே கைவிடப்படும். 1982இல் சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி, தூக்கத்தை இரண்டு ஆற்றல்கள் சேர்ந்து நடத்துகின்றன என்று விளக்கினார். ஒன்று தூக்கத்தின் மீதான பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் இமை கனக்கிறது. தூங்கும்போது அது வடிந்துவிடுகிறது. மற்றொன்று உடலின் கடிகாரம். கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருந்துகொண்டு, உடல் முழுவதற்கும் பகல் எது, இரவு எது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அணுக்களுக்குள் இக்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பசியும் கடிகாரமும் ஒரே நேரத்தில் ஒத்துவந்தால் படுத்த சிறிது நேரத்தில் கண் அயரும். ஞாயிற்றுக்கிழமை 9 மணிவரை தூங்கினால் இரண்டுமே கெடுகின்றன: அன்றிரவு 10 மணிக்கு நாம் விழித்து 13 மணி நேரம்தான் ஆகியிருக்கும், ஆகவே பசி முற்றாது, காலை வெளிச்சம் தாமதமாகக் கண்ணில் பட்டதால் கடிகாரமும் பின்தங்கியிருக்கும். திங்கட்கிழமையின் தலைபாரத்துக்கு வேலைமீது உள்ள வெறுப்பு மட்டும் காரணமாக இருப்பதில்லை.

முதல் வாரம்: எழுதிப் பாருங்கள்

ஒரு குறிப்பேட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஏழு நாட்களுக்கு, காலையில் எழுந்ததும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். பகலில் குடித்த காபி, தேநீர், போட்ட குட்டித் தூக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். காலையில் நினைவுக்கு வரும் மதிப்பீடு போதும். நான் எழுதிப் பார்த்தபோது, படுக்கையில் எட்டரை மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறேன் என்பது தெரிந்தது. மீதி மூன்று மணி நேரமும் படுக்கையைக் கவலைப்படும் இடமாக நானே பழக்கிக்கொண்டிருந்தேன்.

எழும் நேரத்தை ஆணியடித்தது போல் நிறுத்துங்கள்

வாரத்தின் ஏழு நாட்களுக்கும் பொருந்தும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப 5.30க்கு எழ வேண்டுமென்றால், விடுமுறையிலும் 5.30தான்; அரை மணி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். முந்திய இரவு மூன்று மணி நேரமே தூங்கியிருந்தாலும் அதே நேரத்தில் எழுங்கள். இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அன்று சேரும் பசி வீணாவதில்லை. அடுத்த இரவுக்கு அதுவே முதலாகிறது.

எழுந்ததும் வெளியே வாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவதோ, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, தெருமுனை வரை நடந்து பால் வாங்கி வருவதோ எதுவானாலும் சரி, அரை மணி நேரம் வானத்து வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். 5.30க்கு இருட்டாக இருந்தால், விடிந்தவுடன் செல்லுங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளியில் உள்ள ஒளி அறையின் குழல்விளக்கைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். கண்ணுக்குள் ஒளியின் அளவை மட்டும் உணர்ந்து கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்கள் இருப்பதால், அந்த ஒளியே நாளைத் தொடங்கிவைக்கிறது.

பகலில் கவனிக்க வேண்டியது இரண்டே. காபியிலும் தேநீரிலும் உள்ள காபீன், அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு தூக்கப் பசியை மறைத்துவிடுகிறது. உடலில் சேர்ந்த காபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உங்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். மாலைக் காபியை விட முடியாதவர்களின் வருத்தம் எனக்குத் தெரியும்; அதைப் பிற்பகல் 2 மணிக்கு நகர்த்திக்கொண்டால் போதும். பகல் தூக்கத்தைப் பொறுத்தவரை, 3 மணிக்கு முன் இருபது நிமிடம் கண் அயர்வது நல்லது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் அதையும் சில வாரங்களுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

படுக்கையை மீட்பது

நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மிகுந்த பலன் தரும் பகுதி இதுதான். பலர் பாதியில் விட்டுவிடுவதும் இதைத்தான். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறையின் சாரம் எளிமையானது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். படுக்கையில் கைபேசி, அலுவலக வேலை, கணக்கு வழக்கு, குடும்பப் பஞ்சாயத்து எதுவும் கூடாது. படுத்துத் தோராயமாக இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வெளியே வந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான வேலை ஏதாவது செய்ய வேண்டும்: துணி மடிக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், முன்பே படித்த புத்தகத்தைப் புரட்டலாம். மீண்டும் கண் கனத்தால் மட்டுமே படுக்கைக்குத் திரும்ப வேண்டும். ஒரே இரவில் இது நான்கு முறை நடந்தாலும் நான்கு முறையும் எழ வேண்டும். ஒரே அறையில் குடும்பமாகப் படுப்பவர்கள், பாயைவிட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். உடல் படுத்த நிலையில் கவலைப்படக் கூடாது என்பதே நோக்கம்.

இதனுடன் இணைந்தது, ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் விளக்கிய நேரச் சுருக்கம். குறிப்பேட்டின்படி நீங்கள் சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறீர்கள், எழும் நேரம் 5.30 என்றால், நள்ளிரவு 12 மணிக்குத்தான் படுக்கைக்குப் போக வேண்டும். அதுவரை எவ்வளவு கண்ணைக் கட்டினாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் கடினமாகவே இருக்கும்; பகலில் சோர்வு கூடும். ஆனால் சிதறிக் கிடந்த தூக்கம் ஒன்றுசேர்ந்து கெட்டியாகும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 விழுக்காடு தூங்கியே கழிகிறது என்று ஒரு வாரக் குறிப்பு காட்டினால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவரலாம். அடுத்த வாரம் இன்னொரு 15 நிமிடம். இப்படியே போதிய தூக்கம் கிடைக்கும்வரை விரிக்க வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்குபவரானாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், லாரி, பேருந்து ஓட்டுவதையும் இயந்திரம் இயக்குவதையும் தொழிலாகக் கொண்டவர்களும் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதைச் செய்யவே கூடாது.

இவையும் எண்ணங்களைச் சீர்ப்படுத்தும் பயிற்சிகளும் சேர்ந்த சிகிச்சையே, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாகத் தரப்பட வேண்டியது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. எனக்குப் பலன் தெரிய ஐந்து வாரங்கள் ஆயின. இரண்டாம் வாரத்தில், இது நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டும் அளவுக்குச் சலிப்பு வந்தது. அந்த வாரத்தைத் தாண்டுவதற்கு வீட்டில் ஒருவர் துணை இருப்பது பேருதவி.

மனம் ஓயாதபோது

விளக்கை அணைத்ததும் நாளைய வேலைகள் வரிசைகட்டி நிற்பது பலருக்கும் உள்ள துன்பம். 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு, அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதியவர்கள், முடித்துவிட்ட வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எழுதும்போது விரிவாக எழுதுங்கள்: "வங்கி" என்று எழுதுவதைவிட, "11 மணிக்கு வங்கிக்குப் போய் நகைக்கடன் வட்டி கட்ட வேண்டும்" என்று எழுதினால் மனம் அதை விட்டுவிடும். கடன், நோய், பிள்ளைகளின் எதிர்காலம் போன்ற பெரிய கவலைகளுக்கு மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, வீட்டுப் பெரியவரிடமோ நண்பரிடமோ மனம்விட்டுப் பேசிவிடுவது நல்லது. நள்ளிரவில் எந்தச் சிக்கலும் அதன் உண்மையான அளவில் தெரிவதில்லை.

நம் ஊர் வெக்கை

தூக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்கும்போது அது நடப்பதில்லை. மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது, மேற்குச் சன்னலைப் பகலில் திரையிட்டு மூடி இரவில் திறப்பது, கொசுவலைக்கு வெளியே மின்விசிறியை வைப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, 40 பாகைக்குச் சற்று மேற்பட்ட வெந்நீரில் குளிப்பவர்கள் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்குகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கண்டார்கள். கோடையில் வெந்நீரா என்று தோன்றலாம். சூடான நீர் கைகால்களுக்கு இரத்தத்தை இழுத்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. கால்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தாலும் ஓரளவு பலன் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர் அம்மாதான். விடியற்காலை 4 மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் தெருவில், அவருக்கு எந்த வழிகாட்டியும் ஏழு மணி நேரத்தைத் தந்துவிட முடியாது. இரவுப் பாத்திரத்தைக் கணவர் துலக்குவது, மாவு அரைப்பதை மாலைக்கு நகர்த்துவது, தண்ணீர் பிடிக்கும் முறையைப் பங்கிட்டுக்கொள்வது ஆகியவையே அவருக்கான தூக்க மருந்து.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

உரத்த குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக எண்ணுவது பெருந்தவறு. குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் அது பாதிக்கும். இதை நோயாளி அறிய மாட்டார். அருகில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். படுத்தவுடன் கால் குடைச்சல் எடுத்து, அசைத்தால் மட்டுமே அடங்குகிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கமின்மை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 21 நெடுநாள் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் கணக்கிட்டார்கள். ஆகவே விடியற்காலையில் விழிப்பு வந்து, அதோடு வாழ்வில் பிடிப்பே இல்லை என்ற எண்ணமும் வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள், இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். அல்ப்ரசோலம் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிடக் கெடும், வலிப்புகூட வரக்கூடும். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். அவரைப் பார்க்கப் போகும்போது அந்த ஒரு வாரக் குறிப்பேட்டையும், குறட்டை இருந்தால் வீட்டில் உள்ளவர் கைபேசியில் பதிவுசெய்த ஒலியையும் எடுத்துச் செல்லுங்கள். "தூக்கமே இல்லை டாக்டர்" என்ற ஒற்றை வரியைவிட அவை அவருக்கு அதிகம் சொல்லும்.